பெருங்காயத்தைக் காபி என்று சொன்னவர்

தம்பி,

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு நீ முதல்முறையாக ஆபரேட்டராகக் கெமிக்கல் கம்பெனிக்குள் போகப் போகிறாய். அப்ரண்டிஸாக இருந்தபோது உன் பின்னால் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இனி அப்படி யாரும் நிற்க மாட்டார்கள். உன் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டேன். உன் ஷூவுக்கு உங்கப்பா பாலிஷ் போட்டு வைத்துவிட்டார். இவ்வளவு செய்தும் இந்த அம்மாவுக்குள் இருக்கும் பதற்றம் அடங்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமலேயே உன்னை அந்த கேட்டுக்குள் அனுப்ப என்னால் முடியாது. நீ குறிஞ்சிப்பாடியில் நண்பன் கல்யாணத்தில் இருக்கிறாய். ஞாயிறு சாயங்காலம் வந்துவிடுவாய். நேரில் சொல்லலாம்தான். ஆனால் அப்பா பேச்சை எடுத்தாலே நீ போனைக் கையில் எடுத்துக்கொள்கிறாய். அதனால் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கும்படியாக எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. என்னைய மாதிரி எத்தனை பேரு வாயத் தொறக்காம இருக்கான்களோ" என்றார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பத்தாவது பரீட்சை முடிந்த அந்த மே மாதம், சிதம்பரத்தில் மாமா வீட்டில் நடந்த புதையல் வேட்டையை நீ மறந்திருக்க மாட்டாய். நான் வேதியியல் படித்துவிட்டு வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள். சமையலறையில் இருப்பதை வைத்துப் பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்டுவது என் வழக்கம். அதிலிருந்துதான் லீவு விட்டால் நம் குடும்பத்துக்குள் இந்த விளையாட்டு வந்தது. ஒரு சோதனையைச் சரியாகச் செய்தால் அடுத்த குறிப்பு கிடைக்கும், கடைசியில் புதையல். அந்த வருடம் புதையலை வைத்தவர் மாமா. என் தம்பி மொபைல் கடை வைப்பதற்கு முன் கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன் அல்லவா, அப்போது வாங்கிய கேமரா அலமாரியில் சும்மா கிடந்தது. "ஜெயிச்சா எடுத்துக்கோடா" என்று அவன் சொன்ன நிமிடத்திலிருந்து நீ நிலைகொள்ளவில்லை. உங்கப்பா உன்னைத் தனியே கூப்பிட்டு, "அடுத்தவங்க பொருளு நமக்கு எதுக்குடா" என்று கேட்டதும், நீ முறைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு பக்கம் நீயும் அப்பாவும். இன்னொரு பக்கம் மாமாவும் அவன் மகள் பிரியாவும். நான் நடுவர்.

முதல் குறிப்பை எலுமிச்சைச் சாற்றில் எழுதியிருந்தேன். வெள்ளைத் தாளின் மேல் நீ இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்ததும் பழுப்பு எழுத்துகள் வந்தன. அடுத்தது சோடா உப்புக் கரைசலில் எழுதிக் காயவைத்த துணி. அதன்மேல் மஞ்சள் தண்ணீரைத் தடவினால் எழுத்து மட்டும் சிவக்கும், ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிற அதே சங்கதி. பிரியா தடவினாள், மாமா அவளுக்குப் பின்னால் நின்று புருவத்தாலும் உதட்டாலும் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான். நீயும் சளைத்தவன் இல்லை, அப்பாவின் முறை வந்தபோது ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினாய். இரண்டு அணியும் சமமாக வந்து நின்றபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாரும் செவுரு பக்கம் திரும்புங்க. யாரு மொறையோ அவுங்க மட்டும் இந்தப் பக்கம் பாக்கணும்" என்றேன்.

"என்னாக்கா இது, ஜெயிலா?" என்றான் மாமா.

"நீ பண்ண திருட்டுத்தனத்துக்கு ஜெயில்தான்."

கடைசிச் சோதனை வாசனை. கறுப்புத் தாள் சுற்றிய சின்ன டப்பா, மூடியில் ஊசித் துளைகள். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. துளை வழியாகக் காற்றில் பரவி வருவதை மூக்கு கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் முகரலாம், விடையை ஒரே தடவைதான் சொல்லலாம். மாமா தன் டப்பாவைக் கையில் எடுத்த உடனேயே ஓமம் என்று சொல்லிவிட்டான். அடுத்து உங்கப்பா. நான் அவருக்கு வைத்திருந்தது கட்டிப் பெருங்காயம். டப்பாவைச் சுற்றிக் கொண்டுவந்த என் புடவைத் தலைப்பு, கூடம் எல்லாம் அந்த வாசனைதான். சுவரைப் பார்த்து நின்ற பிரியாவுக்கே அது எட்டி, சிரிப்பை அடக்கித் தோள் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தவள் நான் மட்டும்தான். நீங்கள் எல்லாரும் திரும்பி நின்றீர்கள். அவர் டப்பாவை மூக்கருகில் கொண்டுபோனார், இறக்கினார், மறுபடி கொண்டுபோனார். ஆனால் அவர் கண் டப்பாவில் இல்லை. என் முகத்தில் இருந்தது. என் முகத்தில் எதையோ தேடிக்கொண்டே இருந்தார். நான் நடுவர் என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டு கல் மாதிரி நின்றேன். அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"காபித்தூள்" என்றார்.

பிரியா வெடித்துச் சிரித்தாள். மாமா திரும்பி டப்பாவைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தான். "மாமா, பெருங்காயத்துல காபி போட்டுக் குடிக்கிற ஒரே ஆளு உலகத்துல நீங்கதான். கம்பெனி மூக்குக்கா இது. கழட்டி கேட்லயே வச்சிட்டு வந்துட்டாரு" என்றான். எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். கெமிக்கல் கம்பெனிகள் நிறைந்த நம் தொழிற்பேட்டைப் பக்கம் இருப்பவர்களை வெளியூர்ச் சொந்தக்காரர்கள் காலம்காலமாகக் கிண்டல் செய்வது இப்படித்தான். அவர்கள் பஸ்ஸில் மூக்கைப் பொத்துவார்கள், நாம் "என்னா நாத்தம், ஒண்ணும் வரலயே" என்போம். தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாட்டில் இருக்கும் உன் பெரியப்பா வீட்டில்கூட "எங்களுக்குத்தான் மூக்கே கெடையாதே" என்பது தினசரி நகைச்சுவை. அதனால் ஒருவர் வாசனை தெரியாமல் நின்றால் நம் ஊரில் யாரும் பயப்பட மாட்டார்கள். சிரிப்பார்கள்.

நீ மட்டும் சிரிக்கவில்லை. "வேணும்னேதான தோத்தீங்க. மாமாகிட்ட வாங்கக் கூடாதுன்னுதான?" என்று எல்லார் எதிரிலும் கேட்டாய்.

அவர் உன்னைப் பார்த்தார். "ஆமாண்டா" என்றார்.

மாமா கேமராவை உன் கையில் திணித்தும் நீ வாங்கவில்லை. சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் எங்களை விட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாய். எனக்கு அந்த "ஆமாண்டா" உறுத்திக்கொண்டே இருந்தது. வேண்டுமென்றே தோற்கிறவர் எதற்கு அப்படி வேர்க்க வேண்டும்? எதற்கு என் முகத்தை அப்படிப் பார்க்க வேண்டும்? புதுச்சத்திரம் தாண்டி ஆலப்பாக்கமும் போய், பஸ் தொழிற்பேட்டையை நெருங்கியது. அன்று காற்று ரோட்டுப் பக்கம் அடித்தது. முன்னால் இருந்த அம்மா தலைப்பால் மூக்கைப் பொத்தினார். கண்டக்டர் துண்டை எடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்கப்பாவைப் பார்த்தேன். அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு முன்னால் இருந்த அம்மாவைப் பார்த்தார், கண்டக்டரைப் பார்த்தார். அதற்கப்புறம் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார்.

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் தாமதம். ஆனால் நான் அதைப் பார்த்துவிட்டேன். மறுநாள் காலை பிளாண்டில் அவருக்கு முதல் ஷிப்ட் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நீ உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் அடுப்படியில் நின்று, "என்னங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். வந்தார். "எப்பலருந்து?" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

"சளி" என்றார்.

"சளி புடிச்சா சாப்பாட்டுக்கு ருசி இல்லன்னு சொல்வீங்க. நீங்க தெனமும் சாம்பார் வாசன தூக்குதுன்னு சொல்றீங்க. நான் மூடியத் தொறக்குறதப் பாத்துட்டுச் சொல்றீங்களா?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தக் காய்ச்சல் வந்திச்சே, எல்லாருக்கும் வந்ததே, அதுலருந்து" என்றார். நமக்கெல்லாம் வந்து, நமக்கெல்லாம் திரும்பிவிட்ட வாசனை அவருக்குத் திரும்பவே இல்லை. இத்தனை வருட வேலையும் சேர்ந்து செய்ததா என்றால், பிற்பாடு பார்த்த டாக்டருக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"அப்ப பிளாண்ட்ல எப்படிங்க நிக்கிறீங்க?"

"மீட்டர் இருக்கு, அலாரம் இருக்கு."

"அதுக்கு முன்னாடி மூக்கு சொல்லிடும்னு நீங்கதான சொல்வீங்க."

அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். "பக்கத்துல செல்வம் நிப்பான். புதுசா சேந்தவன், மூக்கு நல்லா வேலை செய்யிது. அவன் மூஞ்சியப் பாத்துக்குவேன். எதுனா வாசனை வந்தா மூஞ்சி சுருங்கிடும்ல, உடனே வால்வுகிட்ட போயிடுவேன்" என்றார். ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் அப்படித்தான் வேலை பார்த்திருக்கிறார். வீட்டில் என் முகம், பஸ்ஸில் முன் சீட்டு அம்மா முகம், பிளாண்டில் செல்வம் முகம். அதில் அவர் கெட்டிக்காரராகவும் ஆகிவிட்டிருந்தார். சிதம்பரத்தில் நான் எல்லாரையும் சுவர் பக்கம் திருப்பி நிறுத்திய அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவருக்குப் பார்க்க முகம் இல்லாமல் போயிற்று.

"செல்வத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவன் மூஞ்சி சுருங்காம இருந்து எப்பனா என்னமாவது ஆச்சா?" ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்துவிட்டது.

அவர் தரையைப் பார்த்தார். "போன மாசம் ஒரு நாளு. பம்பாண்ட நின்னுக்கிட்டிருந்தோம். அவன் என்னையப் பாத்தான். நான் அவனப் பாத்தேன். அவன் ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் சொல்லல. அப்பறம் அலாரம் அடிச்சிது. ஓடிப் போயி வால்வ மூடிட்டோம். ஒண்ணும் ஆவல." தண்ணீர் குடித்தார். "அப்பறமா அவன் சொல்றான், அண்ணே எனக்கு முன்னாடியே லேசா வாசன வந்திச்சு, நீங்க சும்மா நின்னீங்க, சரி இது வழக்கமா வர்றதுதான்னு நெனச்சிட்டேன்னு."

உங்கப்பா செல்வம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவன் பெரியவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். இரண்டு பேரும் சும்மா இருந்ததால் இரண்டு பேரும் சரி என்று நினைத்திருக்கிறார்கள். நடுவில் அந்த வாசனை காற்றில் பரவிக்கொண்டே இருந்திருக்கிறது. செல்வத்துக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"நாளைக்குச் சொல்லிடுங்க" என்றேன்.

"சொன்னா பிளாண்ட்ல நிக்க வுட மாட்டாங்க. ஸ்டோர்ஸ்ல போடுவாங்க, மூட்ட எண்ணச் சொல்வாங்க. இந்த வயசுல புதுசா வந்தவன்கிட்ட போயி கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். பையன் வேற கெமிக்கல் டிப்ளமோ படிக்கிறேன்னு நிக்கிறான்." எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார்.

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போலக் கிளம்பினார். செய்வேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்காகத் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வண்டிச் சத்தம் தெருமுனையில் மறைந்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நீ எழுந்து வந்து தோசை கேட்டாய், ஊற்றினேன், ஒரு பக்கம் கருகிவிட்டது. "என்னம்மா" என்று சலித்துக்கொண்டாய். முதல் ஷிப்ட் முடிந்து அவர் வழக்கமாக வரும் நேரம் வந்தது, போனது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவருக்கு என்று மட்டும் இல்லை தம்பி, நான் பார்த்தே இராத அந்தச் செல்வத்துக்காகவும் நின்றேன்.

சாயங்காலம் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "உள்ளவே போவல. ஷிப்ட் இன்சார்ஜ கேட்டாண்டயே நிறுத்திச் சொல்லிட்டேன்" என்றார். டாக்டரிடம் அனுப்பியிருந்தார்கள், அதில்தான் நேரமாகிவிட்டது. "என்னா சொன்னாங்க?" என்றேன். "ஸ்டோர்ஸ்தான்" என்றார். பிறகு, "செல்வத்தக் கூப்புட்டுச் சொன்னேன். அவன் எம்மேல கோவப்படுவான்னு நெனச்சேன். உக்காந்துட்டான், அவ்ளோதான்" என்றார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அன்றே கேட்டுக்கொண்டார். நீ படிக்கப்போகும் படிப்பைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்று நினைத்தார்.

நீ அதற்கப்புறம் என்ன நினைத்தாய் என்பது எங்களுக்குத் தெரியும். அப்பா ஏதோ தப்பு செய்ததால் ஆபரேட்டர் வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று உன் நண்பனின் அண்ணன் சொன்னான், நீ நம்பினாய். ஒரு நாள் மொட்டைமாடியில் போனில், "எங்கப்பா ஸ்டோர்ஸ்ல சாக்கு எண்றாருடா" என்று சொல்லிச் சிரித்தாய். அவர் துணி எடுக்க மேலே வந்து பாதிப் படியில் நின்றிருந்தார். இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. உனக்குத் தெரிந்ததை வைத்து நீ பேசினாய். நாங்கள் உனக்குச் சொல்லாததற்கு நீ பொறுப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் அவரிடம் போய் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவருக்குக் கூச்சமாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு, அது போதும்.

அவர் மூக்கு இன்னும் திரும்பவில்லை. வராது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் முகத்தைப் பார்க்கிற அந்த வேலையை விட்டுவிட்டார். இப்போதெல்லாம் கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "யாருக்காவது கேஸ் வாசன வருதா?" என்று கத்துகிறார். நான் "வரல" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் லைட்டரை எடுக்கிறார். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள், "அண்ணே, எங்க வூட்ல ரசம் வாசனதான் வருது" என்று பதில் கொடுத்தாள். அவர் சிரித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார்.

உனக்கு நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். திங்கட்கிழமை உன் பக்கத்தில் நிற்பவர் உன்னைவிட வயதில் பெரியவராக இருப்பார். அவர் அசையாமல் நிற்பதைப் பார்த்து நீ தைரியம் கொள்வாய். எல்லாரும் அப்படித்தான் வேலை கற்கிறார்கள். ஆனால் அவர் ஏன் அசையாமல் நிற்கிறார் என்பது உனக்குத் தெரியாது. பழகிப்போயிருக்கலாம். உண்மையிலேயே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். வீட்டில் ஒரு பையனை டிப்ளமோ படிக்க வைத்துக்கொண்டு, சொன்னால் வேலை மாறிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அதனால் லேசாக ஏதாவது தட்டுப்பட்டாலும், "அண்ணே, எனக்கு வாசன வருது, ஒங்களுக்கு வருதா?" என்று சத்தமாகக் கேள். சிரிப்பார்கள். கம்பெனி மூக்கு, புது மூக்கு என்று பேர் வைப்பார்கள். வைக்கட்டும். அவர் பதில் சொல்லாமல் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால், மறுபடியும் கேள். அப்போதும் பதில் வராவிட்டால் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இரண்டு பேரும் வெளியே வாருங்கள்.

அம்மா